வறுத்தல், உலர்த்துதல், நா வறளுதல்

புழுங்கலரிசியை மண்சட்டியில் போட்டு, எண்ணெய் எதுவும் விடாமல் வறுத்தால் அரிசி முதலில் வெளுக்கும், பிறகு மஞ்சளாகும், கருகுவதற்குக் கொஞ்சம் முன்னால் சிவந்து ஒரு வாசனை விடும். அந்த வாசனைக்கு வீட்டில் எல்லோருக்கும் பசி எடுக்கும் என்பார்கள். எனக்கு அங்கே நிற்க முடியாது. எழுபத்தைந்து வயதாகிறது, இன்னும் என் மருமகள் ஏதோ பலகாரத்துக்கென்று அரிசியை வறுக்கத் தொடங்கினால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைவரைக்கும் போய்விட்டுத்தான் திரும்புவேன். எனக்கு நெடி ஆகாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் திருத்தவில்லை. திருத்தப் போனால் முழுக்கதையையும் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த வறுத்தலுக்கு இங்கிலீஷில் "பார்ச்" என்று ஒரு சொல் உண்டு. ஒன்பது வயதில், இங்கிலீஷ் எழுத்தில் பாதிகூடத் தெரியாத காலத்தில், எனக்குத் தெரிந்திருந்த சில இங்கிலீஷ் சொற்களில் அது ஒன்று. பள்ளிக்கூடத்தில் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. அப்பாவைக் கேள்வி கேட்டதில் எனக்கு வந்து ஒட்டிக்கொண்ட சொல் அது.

எங்கள் ஊர் பாகூர். அப்பா அங்கே "மேரி"யில், அதாவது கொம்யூன் அலுவலகத்தில், குமாஸ்தா. பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் பிரெஞ்சில் பதிவு செய்வார், அவர் கையெழுத்தைப் பார்த்தால் அச்சடித்ததோ என்று தோன்றும். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போய் மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. ஊரில் கரும்பும் நெல்லும் எப்போதும் போல விளைந்துகொண்டிருந்தன, ஏரித் தண்ணீர் எப்போதும் போல வாய்க்காலில் வந்துகொண்டிருந்தது, அப்பாவுக்கு மட்டும்தான் காலடியில் மண் சரிந்தது. மேலேயிருந்து வரும் கடிதங்கள் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் வர ஆரம்பித்தன. பிரெஞ்சு மட்டும் தெரிந்த குமாஸ்தாக்களுக்கு ஒரு பரீட்சை வைக்கப்போகிறார்கள், தேறாதவர்களை ஓரம் கட்டிவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. நாற்பது வயது மனிதர் கடலூருக்குப் போய் ஓர் அகராதி வாங்கிவந்து, பையன்கள் மாதிரி மனப்பாடம் செய்ய உட்கார்ந்தார்.

அவர் படித்த முறை இதுதான். நீள நோட்டில் மூன்று கோடு இழுத்து, முதலில் பிரெஞ்சுச் சொல், நடுவில் இங்கிலீஷ் சொல், கடைசியில் தமிழ். இங்கிலீஷ் சொல்லுக்குக் கீழே அதன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் பொடியாக எழுதியிருப்பார். ஒரு நாளைக்குப் பத்துச் சொல். சாயங்காலம் கூடத்தில் விளக்கு ஏற்றியதும் நான் என் சிலேட்டை வைத்துத் தமிழ்ப் பக்கத்தை மறைத்துக்கொண்டு சொல்லை வாசிக்க வேண்டும், அவர் பொருள் சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னால் நான் ஒரு பென்சில் கீற்று போடுவேன். தப்பாகச் சொன்னால் "அப்பாவுக்கு முட்டை" என்பேன். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் எனக்கிருந்த அதிகாரம் வேறு யாருக்கும் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

நினைப்புதான். வீட்டில் அதிகாரம் முழுக்க அத்தையிடம் இருந்தது. அப்பாவின் அக்கா. அப்பா நடக்கத் தொடங்கும் முன்பே அவருடைய அம்மா போய்விட்டதால் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். கல்யாணமாகிப் போன இடத்தில் இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாரத்தில் "பேதி"க்குக் கொடுத்துவிட்டு, பிறகு புருஷனையும் கொடுத்துவிட்டு, தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவள். பிரெஞ்சுத் துரைகள் எதிரில் நிமிர்ந்து நின்று பேசிய அப்பா, அக்கா எதிரில் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டுதான் நிற்பார். என் அம்மா அஞ்சலைக்கு அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று கிடையாது. "சரி அண்ணி" என்பதுதான் அவள் பேச்சு.

அந்தச் சித்திரையில், பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, என் தம்பி ஏழுமலைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அவனுக்கு நாலு வயது. கொழுகொழு என்று இருப்பான், தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். முதல் நாள் காலையில் நாலு தடவை, மத்தியானத்துக்குள் எட்டுத் தடவை, அப்புறம் யாரும் எண்ணவில்லை. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பாட்டில் மருந்து வாங்கி வந்தார். கொதிக்க வைத்து ஆறின தண்ணீரைக் கேட்கக் கேட்கக் கொடுக்கச் சொன்னார்கள் என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"தண்ணியா? இன்னா பேசற நீ?" என்றாள் அத்தை. "உள்ள போற தண்ணிதான்டா வெளிய போவுது. ஓட்டப் பானையில எவனாவது தண்ணி ஊத்துவானா? எம் புள்ளைங்க ரெண்டும் தண்ணி தண்ணின்னு குடிச்சுக்கினேதான்டா போச்சு. எதுத்தூட்டுப் புள்ளைக்கு மூணு நாளு ஒரு சொட்டு காட்டல, அது பொழச்சுக்கினு இன்னிக்கு ஏர் ஓட்டுது."

அப்பா மருந்துப் பாட்டிலை மாடத்தில் வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனார். அத்தை பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். அவள் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பேதிக்கு எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். மூன்று நாள் தண்ணீர் கிடையாது. வறுத்த அரிசியை நொய்யாக உடைத்துக் காய்ச்சிய கஞ்சியில் தெளிவை மட்டும் எடுத்து, காலையில் ஒரு சங்கு, சாயங்காலம் ஒரு சங்கு. நாக்கு ரொம்ப ஒட்டிக்கொண்டால் துணியை நனைத்து உதட்டில் ஒரு தடவை தடவலாம். வறுத்த அரிசி வயிற்றைக் காயவைத்துவிடும், காய்ந்துவிட்டால் நின்றுவிடும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்.

எனக்கு வேலை கொடுத்தார்கள். தண்ணீர்ப் பானைகள் இருந்த சமையலறை வாசலில் உட்கார்ந்துகொண்டு, யாரும் அவனுக்குத் தண்ணீர் எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "ஒங்கம்மா மனசு எளகிப்பூடுவா. நீதான் கெட்டிக்காரி" என்றாள் அத்தை. "ஒரு முழுங்கு உள்ள போச்சுன்னா தம்பி நமக்கு இல்ல. தெரிஞ்சுக்கோ." தம்பி எனக்கு உயிர். நான் அந்த வாசலை விட்டு அசையவில்லை. கோடை விடுமுறை, பள்ளிக்கூடம்கூட இல்லை.

இரண்டாம் நாள் முழுக்க அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். "யக்கா, தண்ணிக்கா." முதலில் அழுது கேட்டான். பிறகு கோபமாகக் கேட்டான். பிறகு, இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, ரொம்ப நல்ல பிள்ளையாகக் கேட்டான். "யக்கா, நான் இனிமே ஒன் பலப்பத்தத் தொட மாட்டேன்க்கா. கொஞ்சூண்டு குடுக்கா." நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவன் அழுதபோது கண்ணில் தண்ணீர் வரவில்லை என்பதைக் கவனித்தேன். பாசாங்கு பண்ணுகிறான் என்று நினைத்தேன். அழக்கூட அவன் உடம்பில் தண்ணீர் இல்லை என்று எனக்குச் சொல்ல யார் இருந்தார்கள்?

அன்று சாயங்காலமும் அப்பா நோட்டோடு உட்கார்ந்தார். பரீட்சை நெருங்கிவிட்டது, அவரைக் குறை சொல்ல முடியாது என்று அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள். பத்துச் சொல்லில் ஏழாவதோ எட்டாவதோ.

"பார்ச்" என்று வாசித்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "வறுத்தல். சூட்டால் உலர்த்துதல். தாகத்தால் நா வறளுதல்." பிறகு கண்ணைத் திறந்து, பிரெஞ்சில் காப்பிக்கொட்டை வறுப்பதற்கு ஒரு சொல், நாக்கு வறளுவதற்கு வேறு சொல், இந்த இங்கிலீஷ்காரன் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டான், சோம்பேறி என்றார். சிரிக்கப் பார்த்தார். உள் அறையிலிருந்து "தண்ணி" என்று ஒரு குரல் வந்தது. அது குரலாகக்கூட இல்லை. 

"அக்கா, ஒரு வாய் குடுத்தாதான் இன்னா?" என்றார், உள்ளே பார்த்து.

"நாளைக்கு ஒரு நாளு பொறுத்துக்கோடா. ஒனக்குப் புள்ள வேணுமா, வாணாமா?"

அப்பா என்னைப் பார்த்தார். "அடுத்தது" என்றார். அந்தச் சொல்லுக்கு எதிரே நான் பென்சிலால் கீற்று போட்டேன். மூன்று பொருளும் சரியாகச் சொல்லியிருந்தார்.

அந்தச் சொல்லைப் பின்னால் நான் விடவில்லை. இங்கிலீஷ் படித்து, இங்கிலீஷ் டீச்சராகவே முப்பது வருடம் வேலை பார்த்தேன், பெரிய அகராதிகளைப் பார்க்கும் வாய்ப்பு வந்தபோதெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவேன். அது எங்கிருந்து வந்தது என்று அகராதி செய்தவர்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை. முற்றாக உலர்த்துதல் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார் ஒருவர். துளைத்தல் என்ற பழைய பிரெஞ்சுச் சொல்தான் வழி என்கிறார் இன்னொருவர். அழிந்துபோதல் என்ற சொல்தான் வாயில் தேய்ந்து இப்படியானது என்று மூன்றாவதாக ஒரு கட்சி, மற்றவர்கள் அதை அவ்வளவாக நம்பவில்லை. நம் மொழியிலும் வறு, வறள், வறட்சி, வறுமை எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான். ஆராய்ச்சிக்காரர்கள் எதையாவது முடிவு செய்யட்டும். நான் அந்த மூன்றாவது கட்சி. நம்புவதற்கு எனக்குக் காரணம் உண்டு.

மூன்றாம் நாள். ஏழுமலை கேட்பதை நிறுத்திவிட்டான். கண் உள்ளே போய், உதடு வெடித்து, வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தான். ஊரார் கிள்ளிவிட்டுப் போன கன்னம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கையில் தோலைப் பிடித்து விட்டால் அது திரும்பப் போகாமல் பிடித்தபடியே நின்றது. பேதி குறைந்திருந்தது. காய ஆரம்பித்துவிட்டது, நாளைக்கு எழுந்து உட்காருவான் என்று சொல்லிவிட்டு, இரண்டு நாளாகக் குளிக்காத அத்தை மத்தியானம் குளத்துக்குக் குளிக்கப் போனாள்.

சமையலறை வாசலில் நான் காவல் இருந்தேன். அந்தப் பக்கம் அம்மா வரவே இல்லை. மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து வந்தாள், நேராக உள் அறைக்குப் போனாள். ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. எழுந்து போய்ப் பார்த்தேன். அவனை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு சொம்பை அவன் வாயில் சாய்த்துக்கொண்டிருந்தாள். சொம்பின் விளிம்பை அவன் பல்லால் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு முழுங்கு. தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். அப்போதுதான் அம்மா நிமிர்ந்தாள். என்னைப் பார்த்ததும் சொம்பைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஒன்பது வயதுப் பெண்ணைப் பார்த்து, பெற்ற தாய், திருடி மாதிரி மறைத்தாள்.

"பூங்கா, யாருகிட்டயும் சொல்லாத கண்ணு" என்றாள். "அவுரு சொன்னாரே, ஆஸ்பத்திரில குடுக்கச் சொன்னாங்கன்னு. கொட்டாயில சூடு பண்ணி ஆத்தின தண்ணிதான்டி. கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பொழச்சுப்பான்டி."

நான் ஓடினேன். பயத்தில் அழுதுகொண்டே, தம்பி செத்துப்போய்விடுவான் தம்பி செத்துப்போய்விடுவான் என்று சொல்லிக்கொண்டே, குளக்கரைவரைக்கும் செருப்பில்லாத காலோடு அந்த வெயிலில் ஓடி அத்தையிடம் சொன்னேன். நான் ஓடியது அவனைக் காப்பாற்றத்தான். இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

அத்தை ஈரப் புடவையோடு வந்தாள். அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. அம்மாவின் மடியிலிருந்து அவனைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, "நீ கொல்லப்பக்கம் போயி உக்காரு அஞ்சல" என்றாள். தண்ணீர்ப் பானைகளை நெல் வைக்கும் அறைக்குள் எடுத்து வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அம்மா போய்க் கொல்லையில் மாட்டோடு மாடாக உட்கார்ந்தாள். அவளை உள்ளே விடக்கூடாது என்பதும் என் பொறுப்பில் வந்தது.

அந்தப் பிற்பகலில் ஏழுமலை கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். "யக்கா" என்றான். அவ்வளவுதான், தண்ணீர் கேட்கவில்லை. இரண்டு முழுங்குக்கு அவ்வளவு உயிர் இருந்திருக்கிறது. பொழுது சாயும்போது மறுபடியும் ஒரு தடவை போயிற்று. அத்தை அம்மா காதில் விழும்படி சொன்னாள். "பாத்தியாடி? காஞ்சுக்கினு இருந்த வயித்த கெடுத்துட்டியே."

மறுநாள் உச்சி வேளைக்கு முன்னால் அவன் போய்விட்டான். சத்தம் எதுவும் இல்லை. கஞ்சித் தெளிவைச் சங்கில் எடுத்து வந்த அத்தை, அவன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, சங்கைக் கீழே போட்டாள்.

ஊரே வந்து அழுதது. எல்லோரையும்விட அத்தைதான் அதிகம் அழுதாள், அந்த அழுகையில் கலப்படம் இல்லை. அழுகைக்கு நடுவே வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்: "மூணு நாளு கட்டிக் காத்தேன். பெத்தவளே ரெண்டு முழுங்கு தண்ணி குடுத்துக் கொன்னுட்டாளே." வந்த பெண்கள் அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது.  அந்தப் பழியை அம்மா தன் தலையில் வைத்துக்கொண்டே அந்த வீட்டில் இன்னும் இருபது வருடம் சமைத்தாள், பெருக்கினாள், கடைசியில் அத்தை படுக்கையில் விழுந்தபோது அத்தைக்குக் கழுவித் துடைத்தும் விட்டாள்.

அப்பா பரீட்சை எழுதினார், தேறினார். பையனுடைய இறப்பை மேரி பதிவேட்டில் பிரெஞ்சில் எழுதியது அவர் கைதான். அழகான கையெழுத்து. அதற்குப் பிறகு என்னைச் சொல் கேட்கச் சொல்லவில்லை. நானும் சிலேட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை.

பேதியில் பிள்ளை சாவது உடம்பிலிருக்கும் தண்ணீர் வற்றிப்போய்த்தான், தண்ணீரை நிறுத்துவதுதான் கொலை என்று நான் தெரிந்துகொண்டது வேலைக்குப் போன பிறகு. பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு சுகாதார ஊழியர், கரும்பலகையில் ஒரு குழந்தையின் படம் போட்டு, அழுதால் கண்ணீர் வராது, கண் உள்ளே போகும், தோலைப் பிடித்தால் அப்படியே நிற்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன். அந்த வாரக் கடைசியில் பாகூருக்குப் போனேன், அம்மாவிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று முப்பது வருடத்துக்கு மேல் தள்ளினேன்.

பதினைந்து வருடம் முன்பு, அம்மாவுக்கு எண்பது வயது, என் வீட்டில்தான் இருந்தாள். என் பேரனுக்கு வயிற்றால் போயிற்று. அவனுக்கும் நாலு வயது. இப்போதெல்லாம் இது ஒரு விஷயமே இல்லை. மருந்துக்கடையில் உப்பும் சர்க்கரையும் கலந்த பொடிப் பொட்டலம் வாங்கித் தண்ணீரில் கரைத்து, சாயங்காலம்வரைக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தால் மறுநாள் பையன் பந்து ஆடுகிறான். மருமகள் கரைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கி வந்து அறைக் கதவைத் திறந்தேன். கட்டிலில் அம்மா அவனை மடியில் சாய்த்துக்கொண்டு டம்ளரை அவன் வாயில் வைத்திருந்தாள். கதவுச் சத்தத்துக்கு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். டம்ளரைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

புடவையெல்லாம் நனைந்தது. பேரன் சிரித்தான்.

"அம்மா, குடும்மா" என்றேன்.  "தண்ணிதான்மா குடுக்கணும். நெறைய குடுக்கணும்."

"எனக்குத் தெரியும்டி" என்றாள் அம்மா, டம்ளரை வெளியே எடுத்துக்கொண்டே. "அன்னிக்கே தெரியும். யாரு கேட்டீங்க?"

அப்பா இல்லை, அத்தை இல்லை, பாகூர் வீட்டை இடித்து யாரோ மாடி கட்டிவிட்டார்கள், "மேரி" என்றால் இன்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே விளங்காது, பேதிப் பிள்ளைக்குத் தண்ணீரைப் பூட்டி வைக்கும் வீடு எங்கள் பக்கம் ஒன்றுகூட இருக்காது. அம்மாவும் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம்.